பம்ப் இல்லாமல் பீர்: அமெரிக்க கராஜ்களின் 'மூன்று மாடி' செட்டப் எப்படி வேலை செய்கிறது?

மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் இருந்தால் போதும், கீழே குழாயைத் திறந்ததும் கொட்டும். மோட்டார் தேவைப்படுவது மேலே ஏற்றத்தான், இறக்குவதற்கு அல்ல.

இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் அமெரிக்காவில் பலர் வார இறுதிகளில் வீட்டு கராஜிலேயே பீர் காய்ச்சுகிறார்கள். மேலே ஒரு பாத்திரம், நடுவில் ஒன்று, கீழே ஒன்று. பெயர் 'கிராவிட்டி சிஸ்டம்'. கடையில் ஸ்டீல் ஸ்டாண்டோடு பளபளவென்று ரெடிமேடாகக் கிடைக்கும். விலையும் பளபளப்புக்கு ஏற்ற மாதிரிதான். அதனால் பிக்னிக் கூலர், பழைய பீப்பாய், ஹீட்டர் ஹோஸ் என்று கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுபவர்கள் ஏராளம்.

எதை ஒப்பேற்றலாம், எதில் விளையாடக் கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்ய அனுமதி கிடைத்தது. பீர் விடுபட்டுப்போனது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான், அடுத்த ஆண்டு முதல் வீட்டு பீருக்கும் வழிவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆண்டுக்கு 200 கேலன் வரை, அதாவது சுமார் 757 லிட்டர் காய்ச்சலாம். விற்கக் கூடாது. மாநிலங்கள் தனித்தனியாக அனுமதிக்க வேண்டியிருந்ததால், கடைசி இரண்டான மிசிசிப்பியும் அலபாமாவும் வழிக்கு வர 2013 ஆகிவிட்டது.

தமிழ்நாட்டில் கதை வேறு. 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்றாலும்கூட. எனவே இது செய்து பார்ப்பதற்கான குறிப்பு அல்ல.

சட்டம் வந்த காலத்தில் வீட்டு பீருக்கென்று பாத்திரம் செய்து விற்கும் பெரிய சந்தை இல்லை. 1984-ல் வெளிவந்து இத்துறையின் பாடப்புத்தகம் போலவே ஆகிவிட்ட 'தி கம்ப்ளீட் ஜாய் ஆஃப் ஹோம் புரூயிங்' நூலில் சார்லி பப்பாசியன் காட்டிய வடிகட்டி என்ன தெரியுமா? இரண்டு பிளாஸ்டிக் வாளி. உள் வாளியின் அடியில் டிரில்லால் நூற்றுக்கணக்கான ஓட்டைகள். அவ்வளவுதான். பப்பாசியன் படித்தது அணுசக்திப் பொறியியல் என்பது உபரித் தகவல்.

ஃபில்டர் காபி தெரியுமா? பாதி புரிந்துவிட்டது

நடு மாடியில் இருக்கும் பாத்திரம் ஒரு ராட்சத காபி ஃபில்டர். காபிப் பொடிக்குப் பதில் முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லி, நாலைந்து கிலோ. அதில் வெந்நீர் ஊற்றி 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவிடுகிறார்கள். பார்லியில் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். சூடு ரொம்ப ஏறினால் என்சைம் செத்துவிடும்; ரொம்ப இறங்கினால் வேலையே நடக்காது.

பிறகு அடிக்குழாயைத் திறந்தால் இனிப்புச் சாறு இறங்கும். 'வோர்ட்' என்பார்கள். இதுதான் முதல் டிகாஷன். பார்லியில் ஒட்டியிருக்கும் மிச்சச் சர்க்கரையை எடுக்க, மேல்மாடிப் பாத்திரத்திலிருந்து 75 டிகிரி வெந்நீர் மெதுவாக இறங்குகிறது. இரண்டாம் டிகாஷன். இரண்டும் கீழ்மாடிப் பானையில் சேர்ந்து, ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கும்.

பொடி ரொம்ப நைஸாக இருந்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் இல்லையா, இங்கேயும் அதேதான். அவசரப்பட்டு குழாயை முழுசாகத் திறந்தால் பார்லி அடியில் இறுகி, சொட்டுக்கூட வராது. வெந்நீர் ஒரே இடத்தில் கொட்டிப் பள்ளம் பறிக்காமல் இருக்க, ஓட்டை போட்ட ஒரு மூடியைப் பார்லிமேல் போட்டுவைப்பது மலிவான வழி.

கூலர், ஹோஸ், பீப்பாய்

ஒப்பேற்றல்களில் சூப்பர் ஸ்டார், விளையாட்டு மைதானங்களில் தண்ணீர் வைக்கும் 10 கேலன் உருளைக் கூலர். ஐஸைக் காக்கும் அதே சுவர் வெந்நீரின் சூட்டையும் காக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிதான் இறங்கும். அடுப்பே வேண்டாம். அதன் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு பால் வால்வு மாட்டினால் பாதி வேலை முடிந்தது.

வடிகட்டி? வாட்டர் ஹீட்டருக்குப் போடும் ஸ்டீல் பின்னல் ஹோஸ். இரண்டு முனையையும் வெட்டி, உள்ளே இருக்கும் ரப்பர் குழாயை உருவி எறிந்தால் மிஞ்சுவது கம்பி வலை. ஒரு முனையை மடித்து அடைத்து, மறுமுனையை வால்வில் இறுக்கிவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், சில ஹோஸ்களில் பின்னல் ஸ்டீல் மாதிரி தெரிகிற பிளாஸ்டிக். வெந்நீரில் துவண்டு நசுங்கிவிடும். வாங்கும்போதே காந்தம் வைத்துப் பார்த்தாலும் பலனில்லை, ஏனென்றால் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பெரும்பாலும் ஒட்டாது. லேபிளைத்தான் படிக்க வேண்டும்.

கீழ்மாடிப் பானைக்கு 15.5 கேலன் பீர் பீப்பாயின் மேல்தட்டை வட்டமாக வெட்டி எடுப்பது பழைய டெக்னிக். 'கெக்' பிளஸ் 'கெட்டில்', எனவே 'கெக்கில்'. ஆனால் கடையில் டெபாசிட் கட்டி எடுத்துவந்த பீப்பாய் வாங்கியவருக்குச் சொந்தமில்லை, பீர் கம்பெனிக்குச் சொந்தம். டெபாசிட் என்பது விலை அல்ல. முறையாக வாங்கிய பீப்பாய் என்றாலும், உள்ளே இருக்கும் அழுத்தத்தை முழுசாக வெளியேற்றாமல் பிளேடு வைக்கவே கூடாது.

பம்ப்புக்குப் பதில் கொடுக்கும் விலை: உயரம்

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. நொதிக்கும் வாளி, கொதிக்கும் பானை, கூலர், வெந்நீர்ப் பாத்திரம் என்று நான்கும் தலா 40 செ.மீ. என்று வையுங்கள். உச்சி 160 செ.மீ. நடுவே அடுப்பு, ஸ்டாண்ட், குழாய் சேர்த்தால் ஆள் உயரத்தைத் தாண்டும். தலைக்கு மேலே 20 கிலோ வெந்நீர். அதைத் தாங்குவது பெயின்ட் அடிக்கிற ஏணியும் இரண்டு பலகையும் என்றால், மிச்சம் பிடித்த பணம் மருத்துவமனைக்குத்தான் போகும்.

கீழே சூடாக்கி அப்படியே மேலே தூக்குவதுதான் மிக மோசமான வழி. குளிர்ந்த தண்ணீரை ஹோஸால் மேலே நிரப்பி அங்கேயே சூடாக்கலாம், ஆனால் அதற்கு இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். மரப்பலகைமேல் கேஸ் பர்னர் கூடாது. அது முடியாதவர்களுக்கு ஜக்கில் இரண்டு இரண்டு லிட்டராக ஊற்றுவது போதும். பார்க்க கெத்தாக இருக்காது, கை வேகாது.

ஒரு மாடியையே வெட்டிவிடவும் வழி உண்டு. பானையைத் தரைமட்ட பர்னரில் வைத்துக் கொதிக்கவிட்டு, அங்கேயே ஆறவைத்து, பிறகு இருவர் சேர்ந்து மேசைமேல் தூக்குவது. ஆறிய சாறு சிந்தினாலும் யாருக்கும் சுடாது.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. இந்த புரோபேன் பர்னர்கள் திறந்தவெளிக்கானவை. குளிருக்காக கராஜ் கதவை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது.

அடுப்பை அணைத்ததும் விதி மாறுகிறது

கொதிக்கும்வரை அழுக்குக்கு மன்னிப்பு உண்டு. கூலரில் கீறல் இருந்தாலும், வலையில் நேற்றைய துணுக்கு ஒட்டியிருந்தாலும் பெரிய ஆபத்தில்லை; ஒரு மணி நேரக் கொதி கிருமிகளைக் கொன்றுவிடும். அங்கே பயப்பட வேண்டியது சூட்டுக்கு. சாதாரண தோட்டத்து ஹோஸ் வெந்நீரில் இளகி பிளாஸ்டிக் வாடையை இறக்கிவிடும், எனவே சிலிகான் குழாய்.

அணைத்த பிறகு தலைகீழ். சர்க்கரைச் சாறு ஆறும்போது, ஈஸ்ட்டுக்கு முன்னால் பாக்டீரியா புகுந்தால் மொத்தமும் புளித்துப்போகும். அதனால் ஐஸ் நிரப்பிய குளியல் தொட்டியில் பானையை இறக்கியோ, செம்புக் குழாய்ச் சுருளில் தண்ணீர் ஓடவிட்டோ வேகமாக 20 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். இனித் தொடும் எல்லாமே கிருமிநாசினியில் முங்கியிருக்க வேண்டும். கீறல் விழுந்த வாளி கூடாது. வாயால் உறிஞ்சி சைஃபன் எடுப்பது சுத்தமாகக் கூடாது. வாளி மூடியில் ஒரு குழாய் சொருகி, மறுமுனையைத் தண்ணீர் ஜாடியில் விட்டால் கார்பன் டை ஆக்சைடு குமிழ் விட்டு வெளியேறும். இதை மறந்து இறுக்கி மூடினால் மூடி கூரையில் போய் இடிக்கும்.

இரண்டு வாரம் கழித்து பாட்டிலில் அடைக்கும் நாளுக்கும் இதே கிராவிட்டிதான். தரையில் இருந்த வாளி மேசைக்கு ஏறும், பாட்டில்கள் தரைக்கு இறங்கும். ஆனால் தூக்கும்போது ஆடினால் அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கிவிடும் என்பதால், அனுபவசாலிகள் முந்தின இரவே வாளியை மேசைமேல் ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.