தோப்பூர்ப் போரும் கல்லணை நீரும்

விசயநகரப் பேரரசின் அரியணை வழக்கொன்று நம் தஞ்சைத் தரணியின் தலைவாயிலில் தீர்க்கப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தியாகும். 1616ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் நிகழ்ந்த தோப்பூர்ப் போரையே நாம் குறிக்கின்றோம். தருமபுரி மாவட்டத்துத் தோப்பூரோடு இதனை மயங்குதல் கூடாது. கல்லணையை அடுத்த தோகூரே இது என ஆய்வாளர் கொள்வர்.

1614இல் வேங்கடபதிராயர் மறைந்தார். அவர் தம் வாரிசாக்கிய ஸ்ரீரங்கரை ஜக்கராயன் சிறையிலிட்டுக் குடும்பத்தோடு கொன்றான்; அரசியின் மகன் எனப்பட்ட சிறுவன் ஒருவனை அரசனாக்க முனைந்தான். ஸ்ரீரங்கரின் மைந்தன் இராமதேவன் மட்டும் தப்பினான். சலவைத் தொழிலாளி ஒருவர் அவனைத் துணிமூட்டையுள் மறைத்துக் கோட்டைக்கு வெளியே கொணர்ந்து, யாசம நாயக்கரிடம் சேர்ப்பித்தார். ஒரு பேரரசின் பிற்கால வரலாறு அந்த மூட்டைக்குள் இருந்தது!

தோல்வியுற்ற ஜக்கராயன் தெற்கே வந்து மதுரை, செஞ்சி நாயக்கர்களைத் துணையாக்கிக்கொண்டான். யாசமரும் இராமதேவனும் தஞ்சை இரகுநாத நாயக்கரை நாடினர். இருதரப்பும் திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் கூடியதைக் கொச்சியிலிருந்து 1616 டிசம்பரில் எழுதிய பர்ரதாஸ் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார், பத்து இலட்சம் வீரர் திரண்டதாகக் குறிப்பிடுகின்றார். இது மிகையே, எனினும் மிகைபடக் கூறத் தூண்டுமளவு பெரும்படை எனக் கொள்ளலாம்.

இப்போர் இவ்விடத்தில் நிகழ்ந்தது தற்செயலன்று. பகைவர் காவிரி அணையை உடைத்தனர் என்று இரகுநாதரின் அவைக்களத்தில் எழுந்த வடமொழிக் காவியம் உரைக்கின்றது. அதன் கொடுமையை நம் உழவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. காவிரிப் படுகையினும் கொள்ளிடப் படுகை தாழ்ந்தது. கல்லணை காவாதொழியின் நீர் கொள்ளிடத்தில் பாய்ந்து வீணே கடலைச் சேரும், கிளையாறுகளும் வாய்க்கால்களும் வறளும், நெற்பயிர் கருகும். எதிரியின் கோட்டையை முற்றுகையிடுவதினும் அவன் குடிகளின் மடையை வறளச் செய்வது எளிதன்றோ? ஆதலின் இரகுநாதர்க்கு இது நண்பன் பொருட்டுச் செய்த போர் மட்டுமன்று, சோற்றுக்கான போருமாகும். காவியங்கள் யானைகளையும் வாள்வீச்சையும் விரித்துரைக்க, அணையுடைப்பு ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றது.

களத்தில் யாசமர் ஜக்கராயனைக் கொன்றார். அச்சிறுவன் பிடிபட்டான். மதுரை முத்துவீரப்ப நாயக்கர் புறங்காட்டி ஓடித் திருச்சிராப்பள்ளிக்கருகே அகப்பட்டார். இரண்டாண்டு கழித்து, 1618இல், ஐரோப்பாவிலும் பொகீமிய அரியணைப் பூசலில் தொடங்கி முப்பதாண்டுகள் நீடித்த போர் மூண்டதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

1617இல் கும்பகோணத்தில் இராமதேவனுக்கு முடிசூட்டப்பெற்றது. அப்போது அவனுக்கு அகவை பதினைந்து. ஜக்கராயனின் தம்பி எதிராசன் சில ஆண்டுகள் போரைத் தொடர்ந்தான். இறுதியில் இராமதேவன் அவனுடைய மகளையே மணந்து பகையை முடித்துக்கொண்டான்.