மாற்று சிறுநீரகத்தில் குழாய் அடைப்பா? ரோபோ ஆபரேஷனா, வயிற்றைத் திறப்பதா?

மதுக்கரை,-

மதுக்கரை, எட்டிமடை பக்கம் சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பரிசோதனைக்கு கோவைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். "உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க, வலியே இல்லை, அடுத்த மாசம் போய்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால்தான் ஆபத்து. மாற்று சிறுநீரகத்தின் நரம்புகள் துண்டிக்கப்பட்டவை. அடைப்பு ஏற்பட்டு அது வீங்கினாலும் வலி தெரியாமல் போகலாம். சிறுநீர் குறைவதும், ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதும்தான் அடையாளம்.

தானமாகப் பெற்ற சிறுநீரகத்தை அடிவயிற்றில் ஒரு பக்கம் வைத்து, அதன் சிறுநீர்க் குழாயை நோயாளியின் சிறுநீர்ப்பையில் தைக்கிறார்கள். சிறுநீரகத்தில் இருந்து மட்டுமே அந்தக் குழாய்க்கு ரத்தம் வருகிறது. கடைசி முனைக்கு ரத்தம் எட்டாவிட்டால் அது சுருங்கிவிடும். 100 பேரில் 2 முதல் 10 பேர் வரை இந்தப் பிரச்சினை வரலாம். பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வந்துவிடும்.

உடனே கத்தியைத் தூக்க மாட்டார்கள். முதலில் தோல் வழியாக டியூப் போட்டு சிறுநீரை வெளியே எடுப்பார்கள். சின்ன சுருக்கம் என்றால் பலூன் வைத்து விரித்து ஸ்டென்ட் போடுவார்கள். நீளமான சுருக்கம் என்றால் ஆபரேஷன்தான். நல்ல பகுதியை மறுபடி சிறுநீர்ப்பையில் தைப்பார்கள். அது எட்டாவிட்டால் நோயாளியின் பழைய சிறுநீர்க் குழாயையே எடுத்து இணைப்பதும் உண்டு. பழைய சிறுநீரகத்தை பெரும்பாலும் அகற்றுவதில்லை என்பது இங்கே கைகொடுக்கிறது!

திறந்த ஆபரேஷனில் பழைய தழும்பு வழியாகவே மறுபடி போக வேண்டும். உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருக்கும். ஆனால் டாக்டரின் விரல் தொட்டு உணரும். பெரிய காயம் ஆறுவதுதான் சிக்கல். சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க சாப்பிடும் மாத்திரைகள் காயத்தை ஆற விடாது. கிருமியும் எளிதில் தொற்றும்.

ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. டாக்டர்தான் இயக்குகிறார். 8 மில்லிமீட்டர் அளவு துளைகள் போதும். உள்ளே 10 மடங்கு பெரிதாகத் தெரியும். பச்சைச் சாயம் செலுத்தி, குழாயில் எதுவரை ரத்தம் ஓடுகிறது என்று பார்க்கும் வசதியும் உண்டு. ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். அடைப்பை நீக்குவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கின்றன இதுவரை வந்த ஆய்வுகள். அவையும் கொஞ்சம் பேரை வைத்து நடந்தவைதான். ஒட்டுதல் அதிகமாக இருந்தால் ரோபோவை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறக்க நேரிடும். அதனால் மெஷினைவிட, இதே ஆபரேஷனை டாக்டர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது பணம். சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரிக்கு 2022-ல் வந்த ரோபோ கருவியின் விலை சுமார் ரூ.35 கோடி. தனியார் ஆஸ்பத்திரிகளில் இந்த விலை பில்லிலும் தெரியும். முதல்-அமைச்சர் காப்பீட்டில் சிறுநீரக மாற்று ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் பிறகு வரும் குழாய் ஆபரேஷனுக்கு, அதுவும் ரோபோவில் செய்தால், எவ்வளவு கிடைக்கும் என்பதை அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.