ஊசி ஏறாத காரும் நோயாளிதான்!



காரின் வெப்ப ஊசி சிவப்புக் கோட்டை நெருங்கினால் நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. உடனே சாலையோரம் நிறுத்துகிறோம், ஃபோர்மேனை அழைக்கிறோம். ஆனால், அதே ஊசி கீழேயே கிடந்தால்? "நம்ம காடி சூடே ஏறாது, அவ்வளவு நல்ல இன்ஜின்" என்று பெருமைப்பட்டுக் கொள்கிறோம். அந்தப் பெருமைக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் இந்த வாரத் தலைப்பு.

இன்ஜினுக்குச் சூடு தேவையா?

தேவை. பெரும்பாலான பெட்ரோல் கார்களில், இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் ஏறக்குறைய 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் இன்ஜின் எண்ணெய் சரியான பதத்தில் ஓடும். பெட்ரோலும் நன்றாக எரியும்.

இந்தச் சூட்டைக் காப்பது தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு. அதற்குள் ஒரு வகை மெழுகு இருக்கிறது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். குறித்த சூடு வந்ததும் மெழுகு உருகி விரியும், கதவு திறக்கும், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். எந்தச் சூட்டில் திறக்கும் என்பதை 82 அல்லது 88 போன்ற எண்ணாக அதன் மேலேயே பொறித்திருப்பார்கள்.

கதவு திறந்தபடியே சிக்கிக் கொண்டாலோ, யாராவது கழற்றி எறிந்திருந்தாலோ, முதல் நிமிடத்திலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்கு ஓடும். சூடேறத் தாமதமாகும்.

"நம்ம நாடு சூடான நாடு"

"இங்க அடிக்கிற வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டிடலாம்" என்ற பேச்சை நம் நாட்டுப் பட்டறைகளில் நெடுங்காலமாகக் கேட்கலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மதிய வெயில் 33 டிகிரி. இன்ஜினுக்கு வேண்டியது 80க்கும் மேல். இடைவெளி ஏறக்குறைய 50 டிகிரி! வெயில் அதை நிரப்பாது.

குளிர் நாடுகளில் இந்தக் கோளாறு உடனே தெரிந்துவிடும். காருக்குள் ஹீட்டரில் சூடான காற்று வராது. ஓட்டுநர் நடுங்கிக் கொண்டே பட்டறைக்குப் போவார். நமக்கு ஏர்கோன் மட்டும் போதும். அதனால் நோய் மறைந்தே இருந்து, பணப்பையையும் இன்ஜினையும் தின்கிறது.

எப்படி என்கிறீர்களா? இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணி, காரின் கணினி கூடுதலாகப் பெட்ரோலைச் செலுத்துகிறது. 2025 செப்டம்பர் இறுதியில் மாத வரம்புடன் ரோன் 95 மானியத் திட்டம் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு லிட்டரையும் எண்ணிப் பார்க்கிறோம் அல்லவா? அது இப்படியும் வீணாகலாம்.

இன்னொன்று, ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறினாலும், சிறிதளவு இன்ஜினுக்குள் கசியும். சூடான இன்ஜினில் அது ஆவியாகவே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் நீராகி எண்ணெயோடு கலக்கும். எரியாத பெட்ரோலும் சேர்ந்து எண்ணெயின் வலுவைக் குறைக்கும். பிஸ்டன் வளையங்கள் தேயும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், தாமதம் உண்மைதானா என்று பாருங்கள். நம் தட்பவெப்பத்தில் பெட்ரோல் கார் ஓடத் தொடங்கி ஐந்து முதல் பத்து நிமிடங்களில் ஊசி வழக்கமான இடத்துக்கு வந்துவிட வேண்டும். டீசல் வாகனங்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். மைவி போன்ற கார்களில் ஊசிக்குப் பதிலாக நீல விளக்கு இருக்கும். அது அணையாமல் நெடுநேரம் எரிந்தால் கவனியுங்கள்.

இரண்டாவது, ஊசியின் போக்கு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது இறங்கி, சாலை விளக்கில் நிற்கும்போது ஏறினால், தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, கூலன்ட் அளவு. இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். அளவு குறைந்து, உணர்கருவி கூலன்டில் மூழ்காமல் இருந்தால் ஊசி பொய் சொல்லும். உண்மையில் இன்ஜின் கொதித்துக் கொண்டிருக்கும். ஊசி கீழே கிடக்கும். இது ஆபத்து!

நான்காவது, குழாய்ச் சோதனை. காலையில் ஏர்கோனை அணைத்து இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் குழாயைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ச்சியாக இருந்து, பிறகு திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் சந்தேகம்தான். சில கார்களில் தெர்மோஸ்டாட் கீழ்க் குழாய்ப் பக்கம் இருக்கும். அங்கே கீழ்க் குழாயைப் பார்க்க வேண்டும். காற்றாடி எந்த நேரமும் சுழலத் தொடங்கும், விரல்கள் பத்திரம்.

ஐந்தாவது, பட்டறையில் ஸ்கேனர் கருவியைப் பொருத்தச் சொல்லுங்கள். கருவி 90 காட்டி, ஊசி மட்டும் கீழே இருந்தால் குறை ஊசியிலோ அதன் உணர்கருவியிலோ இருக்கிறது. கருவியும் குறைவாகக் காட்டி, பி0128 என்ற குறியீடும் வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்க்கலாம்.

கழற்றியதைச் சோதிப்பதும் எளிது. பழைய பாத்திரத்தில் நீர் ஊற்றி, அடியில் படாமல் கயிற்றில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடேற்றுங்கள். பொறித்த எண்ணை ஒட்டித் திறந்து, ஆறியதும் மூடினால் நல்லது. குளிர்ந்த நீரிலேயே திறந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கூலன்ட் நஞ்சு என்பதால் சமையல் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

கழற்றுவது தீர்வாகுமா?

கார் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. அடைத்துக் கொண்ட ரேடியேட்டரும் பழுதான காற்றாடியும் அப்படியேதான் இருக்கும். சிலவகை இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லையென்றால், கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். நெரிசலில் கார் இன்னும் மோசமாகச் சூடேறும்.

ஆகவே, பழைய கார் வாங்குபவர்கள் "தெர்மோஸ்டாட் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாற்றும்போது உங்கள் காருக்குரிய எண்ணுள்ளதையே, புதிய ரப்பர் வளையத்தோடும் உரிய கூலன்டோடும் போடச் சொல்லுங்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகச் சிறியது. பள்ளி வேன், வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர்களுக்கு இன்ஜின்தான் சோறு போடுகிறது. நாளைக் காலை கிளம்பும்போது அந்த ஊசியை ஒருமுறை பாருங்கள்.

பயணம் பாதுகாப்பாக அமையட்டும்.