நகரத்தைக் காத்தவர் குடியிருந்த சிற்றூர்

போன வாரக் கட்டுரையை டேட்டன் நகரத்தில், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையோடு நிறுத்தியிருந்தேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் இந்தப் பகுதிக்கு வருகிறவர்களில் பலர் அந்தக் கடையையும் விமானப்படை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் வரும். மக்கள்தொகை 4,000-ஐத் தொடவில்லை. ஒஹாயோ சட்டப்படி 5,000 பேருக்குக் குறைவாக இருந்தால் அது நகரம் அல்ல, வில்லேஜ். அந்த வில்லேஜில் வாழ்ந்த ஒரு மனிதருக்கும் நம் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் முழுவதையும் அந்த ஊருக்கே ஒதுக்குகிறேன்.

டேட்டனிலிருந்து போகும் வழியில் ஹஃப்மன் அணையில் சற்று நின்று பார்க்க வேண்டும். அணை என்றதும் நமக்கு மேட்டூரும் வைகையும்தான் நினைவுக்கு வரும்: தேங்கி நிற்கும் நீர், மதகு, ஷட்டர், திறந்துவிடும் அதிகாரி. இங்கே இவற்றில் ஒன்றும் இல்லை. புல் மூடிய நீண்ட மண் கரை ஒன்று மேட் நதியின் குறுக்கே கிடக்கிறது. கரையின் அடியில் கான்கிரீட் கட்டுமானத்தில் சில திறப்புகள். அவற்றுக்குக் கதவே கிடையாது. நதி எப்போதும்போல் அவற்றின் வழியே போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளம் வரும்போது, கீழே உள்ள நகரம் தாங்கக்கூடிய அளவு நீர் மட்டுமே அந்தத் திறப்புகளில் நுழைய முடியும். மீதி நீர் கரைக்குப் பின்னால் வயல்களிலும் புல்வெளிகளிலும் ஏறி நின்று, சில நாட்களில் தானாகவே வடிந்துவிடும். யாரும் எதையும் திறக்க வேண்டாம், மூட வேண்டாம். நள்ளிரவில் யாரையும் எழுப்பி உத்தரவு கேட்கவும் வேண்டாம்.

இப்படி ஐந்து அணைகள். 1913 மார்ச்சில், ஈஸ்டரை ஒட்டிப் பெய்த மழையில் டேட்டன் மூழ்கியது. நகரின் நடுவே சில இடங்களில் 20 அடி வரை தண்ணீர் நின்றது. 360-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அரசாங்கம் வந்து காப்பாற்றும் என்று அந்த மக்கள் காத்திருக்கவில்லை. தாங்களே இருபது லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். மெம்ஃபிஸ் நகரிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார்கள். ஆர்தர் மார்கன் என்பது அவர் பெயர். கல்லூரிப் பட்டம் இல்லாதவர்; நிலம் அளப்பவரான தந்தையிடம் தொழில் கற்றவர். 1922-இல் அவருடைய திட்டம் நிறைவேறியது. அதற்குப் பிறகு இந்த நூறு ஆண்டுகளில் டேட்டன் அப்படி மூழ்கவே இல்லை.

இந்தத் திட்டத்துக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. ஹஃப்மன் அணைக்குப் பின்னால், நீர் ஏறக்கூடிய இடத்தில், ஆஸ்பர்ன் என்ற சிற்றூர் இருந்தது. டேட்டன் பிழைக்க வேண்டுமானால் ஆஸ்பர்ன் இடம்பெயர வேண்டும். அந்த மக்கள் தங்கள் வீடுகளை அடித்தளத்திலிருந்து பெயர்த்து, முழு வீடாகவே இழுத்துக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போனார்கள். பிறகு 1950-இல் பக்கத்து ஊரோடு சேர்ந்து ஃபேர்பார்ன் ஆகிவிட்டார்கள். பெரிய நகரத்துக்காகச் சிற்றூர் விட்டுக்கொடுப்பது எந்த நாட்டிலும் நடப்பதுதான். ஆனால் இந்த வேலையை முன்னின்று நடத்திய பொறியாளரே, பின்னாளில் தன் வாழ்நாளைச் சிற்றூர்களுக்காக வாதாடுவதில் செலவிட்டார். அவர் குடியிருக்கத் தேர்ந்துகொண்ட ஊர்தான் எல்லோ ஸ்பிரிங்ஸ்.

சோளமும் சோயாவும் விளையும் சமநிலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தால், கடைவீதி ஸீனியா அவென்யூவில் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க அதிக நேரம் ஆகாது. பழைய ரயில் பாதை இன்று சைக்கிள் தடமாக ஊரின் நடுவே போகிறது. 1846-இல் வந்த அந்த ரயில்தான் இந்த ஊரை உருவாக்கியது. அதற்கு முன்பே, 1825-இல், சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் சீடர்கள் இங்கே வந்து பொதுவுடைமைக் குடியிருப்பு ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. ஆனாலும் புதிதாக எதையாவது செய்து பார்க்கும் துணிச்சல் இந்த மண்ணில் தங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படி வந்ததுதான் ஆன்டியாக் கல்லூரி. 1853-இல் திறந்தார்கள். அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் தந்தை என்று போற்றப்படும் ஹொரேஸ் மன் அதன் முதல் தலைவர். பெண்களும் ஆண்களும் ஒரே பாடத்தை ஒரே வகுப்பில் படித்தார்கள். ரெபெக்கா பென்னெல் என்ற பேராசிரியைக்கு ஆண் பேராசிரியர்களுக்கு இணையான தகுதியும் சம்பளமும் கொடுத்தார்கள். 1850-களில் இதைச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 1859-இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், மாணவர்களிடம் மன் கடைசியாகப் பேசினார். மனித குலத்துக்காக ஏதேனும் ஒரு வெற்றியைத் தேடித் தராமல் இறக்க வெட்கப்படுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆன்டியாக்கில் படித்தவர்கள் இன்றும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

1862-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மான்க்யூர் கான்வே என்ற பாதிரியார் வர்ஜீனியாவில் தன் தந்தையிடம் அடிமைகளாக இருந்த முப்பது பேர் அளவிலானோரை ரயிலில் அழைத்துவந்து இந்த ஊரில் குடியேற்றினார். வேறு பல ஊர்களில் கல்லடி விழுந்திருக்கும். இங்கே வீடும் வேலையும் கிடைத்தன. அதே பத்தாண்டில் வந்து சேர்ந்த இன்னொருவர் வீலிங் கான்ட். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். பூட்ஸ் துடைத்தும் ஆப்பிள் விற்றும் காசு சேர்த்து, 900 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றவர். பிறகு தன் மனைவியையும் விலை கொடுத்து மீட்டார். எல்லோ ஸ்பிரிங்ஸில் நிலம் வாங்கி வசதியாக வாழ்ந்தார். 1894-இல் இறப்பதற்கு முன், 9 ஏக்கர் நிலத்தை ஊருக்கு எழுதிவைத்தார். அந்த நிலத்தின் குத்தகைப் பணத்தில் ஊரில் உள்ள ஏழைக் கைம்பெண்களுக்கு ஆண்டுதோறும் மாவு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த நிலம் இப்போது கான்ட் பூங்கா. நீச்சல் குளமும் பேஸ்பால் மைதானமும் இருக்கின்றன. குத்தகை வருமானம் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் மாவு நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஊராட்சி ஊழியர்கள் மாவுப் பொட்டலத்தை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். இடையில் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. ஏழை, பணக்காரர் என்ற கணக்கு இல்லை. கணவரை இழந்தவர் என்றால் போதும். அடிமையாகப் பிறந்த ஒரு மனிதரின் சொல்லை நூறு ஆண்டுகள் தாண்டியும் ஒரு ஊர் நிர்வாகம் காப்பாற்றுகிறது. இந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொண்டவற்றில் என் மனத்தை அதிகம் நெகிழவைத்தது இதுதான்.

இதைப் படித்துவிட்டு இந்த ஊரைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கொரெட்டா ஸ்காட், பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி, 1945-இல் ஆன்டியாக்கில் சேர்ந்தார். ஆசிரியப் பயிற்சிக்காக உள்ளூர்ப் பொதுப்பள்ளியில் பாடம் நடத்த வேண்டிய கட்டம் வந்தபோது, கறுப்பினப் பெண் என்பதால் அவருக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. 1964 மார்ச்சில், கறுப்பினத்தவருக்கு முடிவெட்ட மறுத்த ஒரு முடிதிருத்தகத்தின் முன் மாணவர்களும் ஊர்க்காரர்களும் மறியல் செய்தார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அந்தக் கடை பிறகு மூடப்பட்டது. அடுத்த ஆண்டே, ஆன்டியாக் பட்டமளிப்பு விழாவில் உரையாற்ற மார்ட்டின் லூதர் கிங் வந்தார். ஊர் தன் குறையோடு மோதி மோதித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

மார்கனுக்கு வருகிறேன். 1920-இல் ஆன்டியாக் கல்லூரி நொடித்துப்போய்க் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பை அவர் ஏற்றார். மாணவர்கள் சில மாதங்கள் வகுப்பில் இருக்க வேண்டும், அடுத்த சில மாதங்கள் வெளியே சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டும். வேலையும் கல்விதான் என்றார். அதோடு நிற்கவில்லை. படித்து முடித்தவர்கள் நகரத்துக்கு ஓடாமல் இந்த ஊரிலேயே சிறு தொழில் தொடங்க வேண்டும் என்று ஊக்குவித்தார். கல்லூரியின் கலைக்கூடத்தில் சிலை வார்த்தவர்கள் வார்ப்பு ஆலை நடத்தினார்கள். 1948-இல் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய எல்லோ ஸ்பிரிங்ஸ் இன்ஸ்ட்ரூமென்ட் கம்பெனி அளவீட்டுக் கருவிகளைச் செய்தது.

இந்த ஊரில் ஆராய்ச்சி செய்த இன்னொரு முன்னாள் மாணவர் லேலண்ட் கிளார்க். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளக்கும் மின்முனையை 1950-களின் நடுவில் இங்கேதான் உருவாக்கினார். அதே வழியில் சர்க்கரையையும் அளக்கலாம் என்று 1962-இல் காட்டினார். அதைக் கருவியாக்கி 1975-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது அந்த உள்ளூர்க் கம்பெனிதான். இன்று நம் வீடுகளில் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்துச் சர்க்கரை பார்க்கிறோமே, அந்தக் கருவிக்கு மூலம் இந்தச் சிற்றூரில் இருக்கிறது. பெரிய கண்டுபிடிப்புக்குப் பெரிய நகரம் வேண்டும் என்ற நம் நினைப்பை இதைவிடத் தெளிவாக மறுக்க முடியாது.

1933-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மார்கனை அழைத்து, டென்னிசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராக்கினார். நம் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு முன்மாதிரி அதுதான். சக இயக்குநர்களோடு மோதல் முற்றி 1938-இல் பதவி பறிபோனது. மார்கன் எல்லோ ஸ்பிரிங்ஸுக்குத் திரும்பினார். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, சிற்றூர் வாழ்வைப் பற்றிய ஆய்வுக்கென்று ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கினார், புத்தகம் எழுதினார். ஒரு நாட்டின் நல்ல குணங்கள் சின்னச் சமூகங்களில்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகின்றன. சிற்றூர்கள் வற்றினால் நகரங்களும் வற்றும் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தைக் கேட்க ஒரு நாடு ஆயத்தமாக இருந்தது. 1948-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் இந்தியா அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் உறுப்பினராக இருக்க எழுபது வயது மார்கன் இந்தியாவுக்கு வந்தார். நம் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதே குழுவில் இருந்தார். 1949-இல் வெளிவந்த அறிக்கையில் கிராமியப் பல்கலைக்கழகங்கள் பற்றி ஒரு தனி அத்தியாயம் உண்டு. அதில் மார்கனின் கை தெளிவாகத் தெரிகிறது. படிப்பும் உழைப்பும் கலந்த, கிராமத்திலேயே வேர்விட்ட கல்வி. காந்தி சொன்ன ஆதாரக் கல்வியும் ஆன்டியாக்கின் வேலைக் கல்வியும் அந்தப் பக்கங்களில் கைகோத்தன. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1956-இல் நாட்டில் கிராமிய உயர்கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஜி. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்திரமும் சின்னாளபட்டி அருகே வளர்த்த காந்திகிராமத்தில் அமைந்த நிலையம் அவற்றில் ஒன்று. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மார்கன் அதற்கு முந்தைய ஆண்டு, தொண்ணூற்றேழு வயதில் மறைந்தார்.

ஊரின் கிழக்கு ஓரத்தில் க்ளென் ஹெலன் காடு. ஹ்யூ டெய்லர் பர்ச் என்ற முன்னாள் மாணவர், இறந்துபோன மகள் ஹெலனின் நினைவாக 1929-இல் கல்லூரிக்குக் கொடுத்தது. படிகளில் இறங்கி, ஓடையைத் தாண்டி நடந்தால் ஊருக்குப் பெயர் கொடுத்த ஊற்று வரும். நீரில் இரும்புச் சத்து அதிகம். நூற்றாண்டுகளாகப் படிந்த இரும்பில் பாறை முழுதும் செங்காவியும் மஞ்சளும் கலந்த நிறம். கையை வைத்து எடுத்தால் விரலில் துரு ஒட்டுகிறது.

டேட்டன் புறநகர்கள் இவ்வளவு தூரம் பரவி வந்தும் இந்த ஊரை ஏன் விழுங்கவில்லை? ஊர்க்காரர்கள் விடவில்லை. 1999-இல் ஊரின் எல்லையில் இருந்த 940 ஏக்கர் வைட்ஹால் பண்ணை ஏலத்துக்கு வந்தபோது, மனைகளாகிவிடும் என்று அஞ்சி ஊரே பணம் போட்டது. இனி அங்கே விவசாயம்தான், வீடு கட்ட முடியாது என்ற சட்டக் கட்டுப்பாட்டோடு நிலம் காப்பாற்றப்பட்டது. கல்லூரி விஷயத்திலும் அப்படித்தான். 2008-இல் ஆன்டியாக் மூடப்பட்டது. முன்னாள் மாணவர்கள் வளாகத்தை விலைக்கு வாங்கி, 2011-இல் 35 மாணவர்களோடு மீண்டும் திறந்தார்கள். கல்லூரி இன்றும் தடுமாறித்தான் நடக்கிறது. வீட்டு விலை ஏறிவிட்டதால் கறுப்பினக் குடும்பங்களின் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. கான்ட் வாழ்ந்த, கான்வே அழைத்துவந்தவர்கள் குடியேறிய ஊருக்கு இது பெரிய இழப்பு. பண்ணையைக் காத்த ஊர் இதற்கும் ஒரு வழி கண்டே ஆக வேண்டும்.

கொலம்பஸிலும் சின்சினாட்டியிலும் பிள்ளைகளோடு தங்கப் போகும் பெற்றோர் இப்போது நம் ஊர்களில் ஏராளம். நயாகராவுக்கும் நியூயார்க்குக்கும் அழைத்துப்போகும் பிள்ளைகளிடம், எல்லோ ஸ்பிரிங்ஸுக்கும் ஒரு நாள் கேளுங்கள். கொலம்பஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். காலையில் காட்டில் நடந்து, கடைவீதியில் சாப்பிட்டு, திரும்பும் வழியில் ஹஃப்மன் அணையையும் பார்த்துவிடுங்கள். முடிந்தால், போவதற்கு முன் காந்திகிராமத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.