வரி குறைந்தது, அவசரம் எதற்கு?

வரி என்னும் சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பது மக்கள் இயல்பு. வரி குறைந்தது என்னும் செய்தியையோ திருவிழா அறிவிப்பைப் போல் வரவேற்கின்றனர். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் அத்தகைய செய்தியொன்று நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சரக்கு மற்றும் சேவை வரியில் 12 விழுக்காடு, 28 விழுக்காடு என்னும் படிகள் பெரும்பாலும் நீக்கப்பட்டு, பற்பல பொருள்கள் 5 அல்லது 18 விழுக்காட்டுக்கு இறங்கின. மறுநாளே அமேசான், பிளிப்கார்ட் ஆகிய இணையவழி அங்காடிகள் தம் விழாக்கால விற்பனையைத் தொடங்கின. இன்று விட்டால் நாளை இல்லை என்னும் தொனியில் எழுந்த அழைப்பு, ஆலங்குளத்தில் கூலி வேலை முடிந்து வீடு திரும்பும் தாய்மார்களின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் சில மாநில அரசுகள் ஆண்டில் சில நாள் மட்டும் குறிப்பிட்ட பொருள்களுக்கு விற்பனை வரியை விலக்கிவைக்கின்றன. 'வரி விடுமுறை' என்று அதற்குப் பெயர். 1997இல் நியூயார்க் மாநிலம் ஆடைகளுக்கு ஒரு வாரம் இதனை நடத்திப் பார்த்தது. டெக்சாஸில் 1999 முதல் ஆகஸ்டு மாதத்தில் இவ்விடுமுறை உண்டு. 100 டாலருக்கும் குறைந்த ஆடை, காலணி, பள்ளிப் பை முதலியவற்றை இணையவழியே வாங்கினாலும் அங்கு விலக்குக் கிடைக்கும். அங்கே மக்கள் விரைவதில் பொருளுண்டு. ஞாயிறு நள்ளிரவு கடந்தால் வரி மீண்டும் வந்துவிடும் அன்றோ!

நம் நாட்டில் நிகழ்ந்தது விடுமுறை அன்று. வரி விகிதமே மாறிற்று. தீபாவளிக்கு முன் வாங்கினாலும், தை பிறந்தபின் வாங்கினாலும், சிவகாசிக் கடைவீதியில் வாங்கினாலும் ஒரே வரிதான். எனினும், விடுமுறை இல்லாத நாட்டிற்கு விடுமுறையின் அவசரம் மட்டும் வந்துவிட்டது.

எவற்றிற்கு வரி குறைந்தது என்பதையும் பார்ப்போம். குளியல் சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் ஆகியவை 18 விழுக்காட்டிலிருந்து 5க்கு இறங்கின. மாணவரின் நோட்டுக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லை என்றாயிற்று. நம் பெண்கள் கட்டை அடுக்கி உருவாக்கும் தீப்பெட்டிக்கும், பீடத்தில் நாம் ஏற்றும் மெழுகுவர்த்திக்கும் 12 விழுக்காடு 5 ஆயிற்று. இவை யாவும் தெருமுனைக் கடையில் கிடைப்பவை. பழைய விலையையே கேட்டால் பில் கேளுங்கள். முறையிட 1915 என்னும் நுகர்வோர் உதவி எண் உண்டு.

ஆனால் கைப்பேசிக்கு 2020 முதலே 18 விழுக்காடு, அது மாறவில்லை. சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, மிக்சி ஆகியவை 2018ஆம் ஆண்டிலேயே 18க்கு வந்துவிட்டன. 32 அங்குலம் வரையுள்ள தொலைக்காட்சியும் முன்னரே அப்படித்தான். வரி குறைந்ததே என்று இவற்றை வாங்க விரைந்தவர், குறையாத வரியைத்தான் செலுத்தினார்.

பட்டாசுக்கும் அதே 18தான். ஆயினும் சிவகாசியின் பெயரைச் சொல்லிப் பாதி விலைக்கும் கீழே பட்டாசு தருவதாக இணையத்தில் விளம்பரங்கள் வருகின்றன. இணையவழி வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று ஆணையிட்டது. போலி விளம்பரங்களைக் குறித்துத் தமிழகக் காவல்துறையும் எச்சரித்திருக்கிறது. வெளியூர் உறவினர் கேட்டால், உரிமம் பெற்ற கடையில் நேரில் வாங்கச் சொல்லுங்கள். பணத்தை இழந்தவர் தாமதியாமல் அழைக்க வேண்டிய எண் 1930.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம். 43 அங்குலத் தொலைக்காட்சியின் வரிக்கு முந்திய விலை 20,000 ரூபாய் என்று கொள்வோம். முன்பு 25,600 ஆகும், இப்போது 23,600. மிச்சம் 2,000 என்பது மெய்யே. கையில் பணமில்லாதவர் அதனைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்குகிறார். வட்டியே இல்லையென்றாலும் மாதம் ஏறக்குறைய 2,000 கட்ட வேண்டும். ஆக, வரியில் மிச்சமானது ஒரு தவணைக்குத்தான் காணும்.

அத்தவணை வரும் மாதங்களையும் எண்ணிப் பாருங்கள். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக்கிடப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்பிய வேலை நடவாது. போனஸ் தீபாவளிக்கு வருகிறது. நம் பெருவிழாவோ டிசம்பரில். இடைப்பட்ட கூலியில்லா நாள்களை அந்தப் போனஸைக் கொண்டே கடத்த வேண்டிய குடும்பத்தின் வங்கிக் கணக்கிலிருந்து, தவணைப் பணம் தேதி தவறாமல் எடுக்கப்படுகிறது. கணக்கில் பணம் இல்லையெனில் அபராதமும் சேரும்.

நம் பாட்டிமார் தீபாவளிச் சீட்டுப் போட்டனர். ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கட்டி, இறுதியில் பாத்திரமோ பலகாரச் சாமானோ பெற்றனர். சீட்டு நடத்துவோர் சிலர் ஏமாற்றியதுண்டு. ஆதலின் அதனை முற்றும் புகழ மாட்டோம். எனினும் பணம் முன்னே, பொருள் பின்னே என்னும் வரிசை அதில் இருந்தது.

நன்றாக வாழ விரும்புவது தவறன்று என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் வெளியிட்ட 'நூறாவது ஆண்டு' என்னும் சுற்றுமடலில் ஒப்புக்கொள்கிறார். பெரிய தொலைக்காட்சிக்கு ஆசைப்படும் இல்லத்தரசியை நாமும் கடிந்துகொள்ளவில்லை. கோபுரம் கட்டுமுன் அமர்ந்து கணக்குப் பார்ப்பவனைப் பற்றி ஆண்டவர் கூறியதை லூக்கா 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கணவனும் மனைவியும் நாட்காட்டியை எடுத்து, கூலி வரும் வாரங்களை ஒரு நிறத்திலும் வராத வாரங்களை வேறு நிறத்திலும் குறித்தபின் கைப்பேசியைத் திறக்கட்டும். வரி அதுவரை காத்திருக்கும்.