60 யூனிட் கீசருக்கு 676 ரூபாயா?

ராஜபாளையத்துலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ ரூம் ஹீட்டர் யாருக்கும் தேவைப்படாது. ஆனா மார்கழி விடியல்ல மலைக்காத்து அடிக்கும்போது, வேலைக்குக் கிளம்புற நமக்கும் வீட்டுப் பெரியவங்களுக்கும் வெந்நீர் வேணும். நம்ம ஊர்ல குளிர்காலச் செலவுன்னா அது கீசர்தான்.

2,000 வாட் கீசர் தினமும் அரை மணி நேரம் சூடேத்தினா 1 யூனிட். கரண்ட் பில் 2 மாசத்துக்கு ஒரு தடவை; ஆக 60 யூனிட்.

2024 ஜூலை கட்டணப்படி கணக்கு போடுவோம்:

• 380 யூனிட் 440 ஆனா, பில் 346 ரூபாய் கூடும்.
• 470 யூனிட் 530 ஆனா, 676 ரூபாய் கூடும்!

அதே 60 யூனிட்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

500-ஐத் தாண்டினா, கூடுதல் யூனிட்டுக்கு 8.40 ரூபாய். அதோட முடியல. 101 முதல் 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35 ரூபாயா இருந்தது 4.70 ஆகிடும். அங்கேயே 235 ரூபாய் போச்சு.

என்ன செய்யலாம்? ரீடிங் எடுக்கிற அன்னைக்கு மீட்டரை போட்டோ எடுத்து வைங்க. 45-வது நாள் திரும்பப் பாருங்க. 375 யூனிட்டைத் தாண்டியிருந்தா, இதே வேகத்துல 500-ஐத் தாண்டிடுவீங்க. உடனே கீசர் தெர்மோஸ்டாட்டைக் குறைங்க, குளிச்சதும் ஸ்விட்சை அணைங்க.

பெரியவங்களுக்கு வெந்நீரை நிறுத்த வேண்டாம். 500-ஐத் தாண்டாம பார்த்துக்கிட்டா போதும்.