முட்டை அடுப்பா, கும்முட்டி அடுப்பா? சின்ன செராமிக் கரி அடுப்பின் லாப நஷ்டக் கணக்கு

இந்த எபிசோடுக்குக் காரணம் என் அத்தை மகன். புதுக்கோட்டை டவுனில் வேலை, சொந்த வீடு, மேலே மொட்டைமாடி. போனஸ் கைக்கு வந்ததும் போன் பண்ணி, “மச்சான், முட்டை மாதிரி ஒரு செராமிக் கரி அடுப்பு இருக்குல்ல, அதுல சின்ன சைஸ் வாங்கிடலாமா?”ன்னு கேட்டான். வாங்கு, வாங்காதேன்னு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் பல பத்தாயிரம் ரூபாய் விஷயம். அதைவிட முக்கியமாக, கரி நெருப்பு என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் முழுசாகவே பேசிவிடலாம்.

முதலில், அது என்ன சாமான்? ஜப்பானில் அடுப்புக்குப் பெயர் கமாடோ. அரிசி வேகவைக்க அங்கே பயன்பட்ட மூடியுள்ள மண் அடுப்பைப் பார்த்த அமெரிக்கப் படைவீரர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதை ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974ல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டாவில் அதை விற்க ஆரம்பித்தார். அதுதான் இன்றைக்கு ‘பிக் கிரீன் எக்’ என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரிந்த பச்சை முட்டை. (நம்ம புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அதே 1974தான்.) பழைய களிமண் அடுப்புகள் சூட்டில் விரிசல் விட்டதால், பிறகு அதிக வெப்பம் தாங்கும் செராமிக்குக்கு மாறினார்கள். இப்போது வேறு பல கம்பெனிகளும் இதே வடிவத்தில் செய்கின்றன.

வேலை செய்யும் விதம் எளிது. தடித்த செராமிக் சுவர், கனமான மூடி, கீழே ஒரு காற்றுவழி, மேலே ஒரு காற்றுவழி. காற்று எவ்வளவோ, நெருப்பு அவ்வளவு. இரண்டு வழியையும் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் 110 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் நிற்கும். நன்றாகத் திறந்தால் 300 டிகிரியைத் தாண்டும். சுவர் சூட்டை உள்ளேயே பிடித்து வைப்பதால் கொஞ்சம் கரியே போதும். உள்ளே காற்றோட்டம் குறைவு என்பதால் கறி சீக்கிரம் காய்ந்து போகாது. சமையல் முடிந்ததும் இரண்டையும் மூடிவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். மிச்சக் கரியை அடுத்த வாரமும் பயன்படுத்தலாம். இதெல்லாம் நிஜமான லாபம், விளம்பரப் பேச்சு இல்லை.

இப்போது நஷ்டப் பக்கம். இந்தியாவில் கிடைக்கும் நல்ல பிராண்டுகள் பெரும்பாலும் இறக்குமதி. அடுப்போடு பணம் நிற்காது. வெப்பத்தைத் தடுக்கும் தட்டு, ஸ்டாண்ட், உறை என்று தனித்தனியாகப் போகும். அடுத்தது எடை. 10 அங்குலத் தட்டு உள்ள மிகச் சின்ன முட்டையே ஏறக்குறைய 17, 18 கிலோ. 13 அங்குலத் தட்டு என்றால் 35 கிலோவை நெருங்கும். மாடிப்படியில் தூக்கும்போது கை நழுவினால் அடுப்பு துண்டு துண்டாகிவிடும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். 10 அங்குலத்துக்கும் 13 அங்குலத்துக்கும் வித்தியாசம் 3 அங்குலம்தான். ஆனால் வட்டத்தின் பரப்பில் அது ஏறக்குறைய 1.7 மடங்கு. 10 அங்குலம் என்றால் 25 சென்டிமீட்டர். ஒரு சாண் நீள சங்கரா மீன் இரண்டு, நெருக்கி வைத்தால் மூன்று. ஐந்து பேர் வந்தால் ஒருத்தர் சாப்பிட நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னொரு விஷயம், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சின்ன முட்டையில் கரிக்கும் தட்டுக்கும் இடைவெளி குறைவு. அதனால் செராமிக் அடுப்பின் பெரிய பெருமையான ‘மெதுவாக, மறைமுகச் சூட்டில் வேகவைப்பது’ சின்ன சைஸில்தான் கஷ்டம். பெரிய முட்டைக்குப் பாடும் புகழை அப்படியே சின்ன முட்டைக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. சூடு ஏறவும் நேரம் எடுக்கும்; தவறி அதிகமாக ஏறிவிட்டால் இறங்கவும் நேரம் எடுக்கும். சுவர் குடித்த சூட்டை அவ்வளவு சீக்கிரம் விடாது.

சரி, நம்ம ஊரில் இதற்கு மாற்று என்ன? கும்முட்டி அடுப்பு. பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். மண்ணிலோ இரும்பிலோ செய்த சின்னக் கரி அடுப்பு. நடுவில் சல்லடை மாதிரி ஒரு தட்டு, கீழே சாம்பல் விழவும் காற்று வரவும் ஒரு வாய், மேலே பாத்திரம் உட்கார மூன்று குமிழ். விசிறியால் இரண்டு நிமிடம் வீசினால் கரி கனன்றுவிடும். ஒரு கையால் தூக்கி வெளியே வைக்கலாம். விலையை முட்டையோடு ஒப்பிடவே முடியாது.

குறை? மூடி இல்லை, அதனால் சூட்டைப் பிடித்து வைக்காது. காற்றடித்தால் சாம்பல் பறக்கும். போட்ட கரி எரிந்து தீரும் வரை எரியும். முழுக் கோழியை அதில் வேகவைக்க நினைத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். மண் கும்முட்டி மழையில் நனைந்துவிட்டால், நன்றாகக் காயாமல் தீ மூட்டக் கூடாது. மண்ணுக்குள் ஊறிய நீர் ஆவியாகி, வெளியேற வழி இல்லாமல் சுவரைப் பிளந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியில் விட்டு வைக்கும் ஆட்களுக்கு இது முக்கியம்.

இந்த இடத்தில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தக் கிராமத்து அய்யனார் கோயிலுக்குப் போனாலும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கும். அதைச் செய்கிற வேளார்கள் வெறும் களிமண்ணை எடுத்துப் பிசைவதில்லை. மணலும் உமியும் கலப்பார்கள். சூளையில் வைக்கும்போது உமி எரிந்து போய், அது இருந்த இடத்தில் நுண்ணிய துளைகள் மிஞ்சும். அந்தத் துளைகள் தடித்த சுவர் வெடிக்காமல் காக்கின்றன. சூடு வெளியே கடத்தப்படுவதையும் குறைக்கின்றன. அமெரிக்கக் கம்பெனி செராமிக்கில் தேடிய இரண்டு குணம், வெடிக்காமல் இருப்பதும் சூட்டை விடாமல் இருப்பதும், நம் குயவர்களுக்குக் கைவந்த சங்கதிதான். வித்தியாசம் சூளையின் வெப்பத்தில் இருக்கிறது. கிராமத்துச் சூளை கொடுப்பதைவிட அதிக வெப்பத்தில் சுட்டதால்தான் முட்டை அடுப்பு வருஷக்கணக்கில் தாங்குகிறது. மண் கும்முட்டி அவ்வளவு உழைக்காது. உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. 1980களில் கென்யாவில் ‘செராமிக் ஜிக்கோ’ என்று ஒரு கரி அடுப்பு பரவியது. தாய்லாந்தின் வாளி அடுப்பைப் பார்த்துச் செய்தது. வெளியே தகரம், உள்ளே சுட்ட மண் உறை. தகரக் கொல்லரும் குயவரும் சேர்ந்து உள்ளூரிலேயே செய்தார்கள். வெறும் தகர அடுப்பைவிடக் கரிச் செலவு நன்றாகக் குறைந்தது. பழைய இரும்பு வாளிக்குள் மண் பூசி அடுப்பாக்குவது நம் ஊரிலும் தெரிந்த வேலைதான். தகரம் அடி தாங்கும், மண் சூடு தாங்கும். வீட்டுக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

அடுத்தது கரி. எந்த அடுப்பு வாங்கினாலும் இதில் கோட்டை விட்டால் பிரயோஜனம் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஒரே அளவில் அச்சில் வார்த்த கட்டிகள் விற்கும். அதில் கரித்தூளை ஒட்டவைக்க மாவு போன்ற பசை சேர்ப்பார்கள். சாம்பல் அதிகம் விழும். சின்ன முட்டையில் சாம்பல் கீழ்க் காற்றுவழியை அடைத்தால் நெருப்பு திணறும். மரக்கரித் துண்டுகள்தான் நல்லது. நம் பக்கத்தில் அது பெரும்பாலும் சீமைக் கருவேல மரத்துக் கரி. விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் பூசி, நாள் கணக்கில் புகைய விடுகிற கரிமூட்டத்தில் இருந்து வருவது. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் போனால் சாலையோரமே பார்க்கலாம். எங்கே வாங்குவது என்று தெரியாவிட்டால், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் இன்னும் கரிப் பெட்டி பயன்படுத்துகிறாரா பாருங்கள். அவர் வாங்கும் கடைதான் உங்களுக்கும் கடை. கொட்டாங்குச்சிக் கரியும் நல்ல சூடு தரும்.

ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டத்தில் 1 கிலோ கரி எடுக்க ஏறக்குறைய 4 முதல் 6 கிலோ விறகு போகிறது. அதனால் கரி சிக்கனம் என்பது பர்ஸ் விஷயம் மட்டும் இல்லை. முட்டை அடுப்பு மிச்சக் கரியைக் காப்பாற்றுவது உண்மையான நல்ல குணம். கும்முட்டியிலும் அதைச் செய்யலாம்: சமையல் முடிந்ததும் கனலை இடுக்கியால் எடுத்து, இறுக்கமான மூடி உள்ள இரும்பு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். அடுப்பிலேயே தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் பிளக்கும்.

இப்போது இந்த எபிசோடில் நான் கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதி. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம். பிறகு எழுந்திருக்கவே மாட்டோம். ஊட்டி, கொடைக்கானலில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்துபோன செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. புகை இல்லையே, கனல்தானே என்று நினைப்பதுதான் ஆபத்து.

முட்டை அடுப்பில் இது இன்னும் நுட்பமான சிக்கல். காற்றைக் குறைத்துத்தான் சூட்டைக் கட்டுப்படுத்துகிறோம். காற்று குறைந்தால் கரி அரைகுறையாக எரிந்து இந்த வாயு அதிகமாகும். மூடிய பிறகும் உள்ளே கனல் நெடுநேரம் உயிரோடு இருக்கும். அதனால் “அணைச்சாச்சு”ன்னு வீட்டுக்குள் தூக்கி வைக்கக் கூடாது. கண்ணாடி ஜன்னல் போட்டு மூடிய பால்கனி வெளி இல்லை, அதுவும் அறைதான். இன்னொன்று: காற்றில்லாமல் திணறும் நெருப்பில் மூடியைச் சட்டென்று திறந்தால் தீ குபீரென்று எழும்பும். முதலில் 2 அங்குலம் தூக்கி, சில நொடி காற்றை விட்டு, பிறகு முழுக்கத் திறங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

“கரண்ட் போனா உதவும்ல?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, புதுக்கோட்டையில் பல கிராமங்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் கரி அடுப்பு கைகொடுக்கும். ஆனால் மழையும் காற்றும் அடிக்கும்போதுதான் அடுப்பை உள்ளே இழுக்கத் தோன்றும். அதனால் திறந்த தாழ்வாரமோ காற்றோட்டமுள்ள சார்ப்போ இருந்தால் மட்டுமே அது அவசர அடுப்பு.

கடைசியாக, என்ன சமைக்கப் போகிறீர்கள்? ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்தில் இருந்து வரும் மீன், நண்டு, சுட்ட கத்திரிக்காய், சோளக்கதிர், அப்பளம் என்றால் நேரடிச் சூட்டில் நிமிஷக் கணக்கில் முடியும். கும்முட்டியே ராஜா. முழுக் கோழி, ஆட்டுத்தொடை, வீட்டு நான் ரொட்டி, பீட்சா என்று அடிக்கடி போகிறவர்களுக்கு மூடியும் தடித்த சுவரும் வேண்டும். அப்போது முட்டை அடுப்பு தன் விலையை நியாயப்படுத்தும். ஆனால் 13 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள்.

என் அத்தை மகனுக்கு நான் சொன்னது இதுதான்: “மாப்ள, முதல்ல ஒரு மண் கும்முட்டி வாங்கு. ஆறு மாசம் மொட்டைமாடில சமை. மாசம் ரெண்டு தடவையாவது நீயே கரி மூட்டி, நீயே சாம்பல் அள்ளி, அப்பவும் ‘ஒரு மூடி இருந்தா நல்லாருக்கும்’னு தோணுச்சுன்னா பெருசா ஒண்ணு வாங்கு. தோணலைன்னா போனஸ் மிச்சம்.” உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.